துயிலில் காவல்: பிரிட்டன் மயக்கவியலாளர் சங்கத்தின் பணிகள்

முன்னுரை

அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரிடம் கேட்டால் தமக்குச் சிகிச்சை அளித்த அறுவை மருத்துவரின் பெயரைத் தயங்காமல் கூறுவார். சிகிச்சை நடந்த நேரம் முழுவதும் தம் மூச்சையும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் காத்து நின்ற மயக்கவியலாளரின் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. இதில் வியப்பில்லை. மயக்கவியலாளரின் பணி செவ்வனே நிறைவேறும்போது நோயாளியின் நினைவில் அதன் சுவடே எஞ்சுவதில்லை. அப்பணியில் பிழை நேரும்போது மட்டுமே அது பிறர் கண்ணுக்குப் புலப்படுகிறது.

இத்தகைய பணியின் தரத்தை யார் காப்பது என்னும் வினா இங்கு எழுகிறது. துயிலில் இருக்கும் நோயாளியால் தமக்கு அளிக்கப்படும் மயக்கத்தின் தரத்தை மதிப்பிட இயலாது. அறுவை மருத்துவரின் கவனமோ தம் கையிலுள்ள கத்தியின்மீது உள்ளது. எனவே இத்துறையில் தரத்தைக் காக்கும் பொறுப்பு பெருமளவுக்கு அத்துறையினரையே சார்ந்து நிற்கிறது. ஒரு தொழிலினர் தம்மைத் தாமே கண்காணிக்கும் நிலையில் ஐயங்கள் தோன்றுவது இயல்பே. தம் நலனைப் பேணுவதற்காகத் தொடங்கப்பெற்ற ஒரு சங்கம் நோயாளியின் நலனையும் நேர்மையாகப் பேண முடியுமா? இவ்வினாவை மையமாகக் கொண்டு, 1932ஆம் ஆண்டு தோன்றிய பிரிட்டன், அயர்லாந்து மயக்கவியலாளர் சங்கத்தின் வரலாற்றையும் பணிகளையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இச்சங்கம் 2018ஆம் ஆண்டு முதல் மயக்கவியலாளர் சங்கம் என்னும் சுருங்கிய பெயரால் வழங்கப்பெறுகிறது.

தொடக்க காலப் பின்னணி

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியைக் கொண்டு நோயாளி ஒருவரை மயக்கமுறச் செய்தார். அறுவை மருத்துவர் ஜான் காலின்ஸ் வாரன் அந்நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அகற்றினார். இச்செய்தி கடல் கடந்து இங்கிலாந்தை எட்டியதும், அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இலண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈதரின் துணையோடு நோயாளி ஒருவரின் காலை அகற்றினார். அடுத்த ஆண்டு நவம்பரில் எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோபாரத்தை அறிமுகப்படுத்தினார். அது ஈதரைவிட விரைவாக மயக்கத்தைத் தந்தது. முகர்வதற்கும் எளிதாக இருந்தது. ஆகவே குறுகிய காலத்தில் எங்கும் பரவியது.

அம்மருந்தின் ஆபத்து விரைவிலேயே வெளிப்பட்டது. 1848ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கிலாந்தின் வடபகுதியில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோபாரம் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களில் உயிரிழந்தாள். நகம் அகற்றும் சிறு சிகிச்சையால் எவரும் சாவதில்லை. ஆகவே இறப்புக்குக் காரணம் நோயா, அறுவையா, மயக்க மருந்தா என்று பிரித்தறிய வேண்டிய தேவை அன்றே எழுந்தது.

இத்தேவையை முதன்முதலில் முறையாக எதிர்கொண்டவர் ஜான் ஸ்னோ ஆவார். 1854ஆம் ஆண்டு இலண்டனில் வாந்திபேதி பரவியபோது இறப்புகளைத் தெருவாரியாகக் கணக்கிட்டு, அதன் காரணம் குடிநீரில் உள்ளது என்று காட்டியவரும் இவரே. விக்டோரியா அரசியாருக்கு 1853ஆம் ஆண்டிலும் 1857ஆம் ஆண்டிலும் மகப்பேற்றின்போது குளோரோபாரம் கொடுத்தவரும் இவரே. குளோரோபாரத்தால் நேர்ந்த 50 இறப்புகளைத் தொகுத்து ஆராய்ந்து இவர் எழுதிய நூல், இவர் மறைந்த 1858ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. இறப்புகளை மறைக்காமல் தொகுத்தல், தொகுத்தவற்றை ஒப்பிடுதல், ஒப்பீட்டிலிருந்து காரணத்தைக் காணுதல் என்னும் மூன்று படிகளைக் கொண்ட இம்முறையே பிற்காலத்தில் மயக்கவியலாளர் சங்கம் மேற்கொண்ட பணிகளுக்கு அடித்தளமாக அமைந்தது எனலாம்.

சங்கத்தின் தோற்றம்

1893ஆம் ஆண்டு பிரடரிக் சில்க் என்பாரின் முயற்சியால் இலண்டன் மயக்கவியலாளர் கழகம் தோன்றியது. 1908ஆம் ஆண்டு இக்கழகம் அரச மருத்துவக் கழகத்தோடு இணைந்து அதன் ஒரு பிரிவாயிற்று. அறிவியல் கூட்டங்கள் நடத்துவதற்கும் கட்டுரைகள் படைப்பதற்கும் இப்பிரிவு இடமளித்தது. ஆனால் தொழில் உரிமை, ஊதியம், பதவி முதலியவற்றைப் பற்றி வாதிடும் உரிமை அக்கழகத்தின் விதிகளில் இல்லை.

அக்காலத்தில் மயக்கம் கொடுப்பது தனித்துறையாக மதிக்கப்படவில்லை. பல ஊர்களில் பொது மருத்துவர்களே தம் அன்றாடப் பணிக்கிடையே மருத்துவமனைக்குச் சென்று மயக்கம் கொடுத்து வந்தனர். இத்துறைக்கெனத் தனித் தேர்வோ சான்றிதழோ கிடையாது. அறக்கொடை மருத்துவமனைகளில் இப்பணி பெரும்பாலும் ஊதியமின்றி நடைபெற்றது. தகுதிக்குச் சான்று இல்லாத நிலையில் தகுதியுடையாரையும் இல்லாரையும் வேறுபடுத்தும் வழியும் இல்லை. இந்நிலை மருத்துவருக்கு மட்டுமன்றி நோயாளிக்கும் கேடாக இருந்தது.

இக்குறையைப் போக்கும் நோக்குடன் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த ஹென்றி பெதர்ஸ்டன் 1932ஆம் ஆண்டு இச்சங்கத்தை நிறுவி அதன் முதல் தலைவரானார். சங்கத்தின் முதல் பெருமுயற்சி தகுதித் தேர்வு ஒன்றை உருவாக்குவதாகும். அதன் பயனாக மயக்கவியல் பட்டயத்துக்கான முதல் தேர்வு 1935ஆம் ஆண்டு நவம்பரில் நடைபெற்றது. 1937ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மெக்கின்டோஷ் மயக்கவியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். 1946ஆம் ஆண்டு அக்டோபரில், ஈதர் மயக்கத்தின் நூற்றாண்டை ஒட்டி, ‘அனஸ்தீசியா’ என்னும் ஆய்விதழைச் சங்கம் தொடங்கியது. லாங்டன் ஹியூவர் அதன் முதல் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1948ஆம் ஆண்டு பிரிட்டனில் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கப்பெற்றபோது மயக்கவியலாளர் பிற சிறப்பு மருத்துவர்களுக்கு இணையான நிலையைப் பெற்றனர். அதே ஆண்டு சங்கத்தின் தூண்டுதலால் இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் மயக்கவியலாளர் புலம் அமைந்தது. அப்புலம் 1988ஆம் ஆண்டு தனிக் கல்லூரியாகி, 1992ஆம் ஆண்டு அரச மயக்கவியலாளர் கல்லூரி என்னும் தகுதியைப் பெற்றது.

சங்கமும் கல்லூரியும் ஒன்றல்ல என்பது இங்குக் கருதத்தக்கது. பாடத்திட்டம், பயிற்சி, தேர்வு ஆகியவை கல்லூரியின் பொறுப்பு. சங்கமோ விரும்பிச் சேரும் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு. அதில் 10,000க்கும் மேற்பட்டோர் உறுப்பினராக உள்ளனர். உறுப்பினரின் நலன் பேணுதல், பாதுகாப்பு நெறிமுறைகள் வகுத்தல், ஆய்விதழ் நடத்துதல், ஆய்வுக்கு நிதியளித்தல், பிற நாடுகளுக்குத் துணைபுரிதல் ஆகியவை அதன் பணிகளாகும்.

இறப்புகளிலிருந்து கற்றல்

சங்கத்தின் பணிகளுள் தலையாயதாகக் கருதத்தக்கது மயக்கத்தோடு தொடர்புடைய இறப்புகளை ஆராய்ந்தமையாகும். தம் கையில் நேர்ந்த இறப்பைப் பிறருக்கு எழுதித் தெரிவிப்பது எந்த மருத்துவருக்கும் எளிதான செயலன்று. வழக்கு, பழி, பதவியிழப்பு ஆகிய அச்சங்கள் அவரைத் தடுக்கின்றன. எனவே அறிக்கை அனுப்புவோரின் அடையாளம் காக்கப்படும் என்னும் உறுதியைச் சங்கம் அளித்தது. இவ்வுறுதியை நம்பி நாடெங்கிலுமிருந்து மயக்கவியலாளர் தாமாகவே அறிக்கைகளை அனுப்பினர். அவற்றுள் 1,000 இறப்புகளைப் பற்றிய ஆய்வு 1956ஆம் ஆண்டு சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது.

அவ்வாய்வு உணர்த்திய முதன்மையான செய்திகளுள் ஒன்று இரைப்பையிலுள்ள உணவும் அமிலமும் மேலேறி நுரையீரலுக்குள் புகுவதால் நேரும் இறப்பைப் பற்றியதாகும். விழித்திருப்பவரின் தொண்டைக்குள் அயற்பொருள் புகுந்தால் இருமல் அதனை வெளியே தள்ளிவிடும். மயக்கமுற்றவரிடம் அக்காப்பு இல்லை. இவ்வுண்மை பரவலாக உணரப்பட்ட பின்னர் அதற்கான தடுப்பு முறைகளைப் பலரும் ஆராய்ந்தனர். 1961ஆம் ஆண்டு பிரையன் செல்லிக், குரல்வளையின் கீழுள்ள வளையக் குருத்தெலும்பை விரலால் அழுத்தி உணவுக்குழலை மூடும் முறையை வெளியிட்டார். அறுவைக்கு முன்பு திட உணவை 6 மணி நேரமும் தெளிந்த நீரை 2 மணி நேரமும் தவிர்க்குமாறு இன்று நோயாளிகளுக்குக் கூறப்படும் அறிவுரையும் இவ்வாபத்தைக் கருதியே அமைந்ததாகும். செவிலியர் ‘ஒன்றும் சாப்பிடவில்லையே?’ என்று மீண்டும் மீண்டும் கேட்பது வெறும் சடங்கன்று. பல உயிர்களை இழந்து பெற்ற பாடம் அக்கேள்வியில் அடங்கியுள்ளது.

1982ஆம் ஆண்டு லன், முஷின் ஆகியோர் நடத்திய ஆய்வு, மயக்கத்தை மட்டுமே காரணமாகக் கொண்ட இறப்பு ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒன்று எனக் கணித்தது. அடுத்து அறுவை மருத்துவர் சங்கத்தோடு இணைந்து, இங்கிலாந்தின் மூன்று மண்டலங்களில், அறுவைக்குப்பின் 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்புகள் அனைத்தும் ஆராயப்பட்டன. 1987ஆம் ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, மயக்கத்தால் மட்டுமே நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 1,85,000 அறுவைகளுக்கு ஒன்று எனக் குறிப்பிட்டது. இவ்விரு ஆய்வுகளின் முறைகளும் வரையறைகளும் வேறுபட்டவை. ஆதலால் ஐந்து ஆண்டுகளில் ஆபத்து பதினெட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று இவற்றைக் கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது. 1987ஆம் ஆண்டு அறிக்கையின் சிறப்பு அதன் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அனுபவம் குறைந்த இளம் மருத்துவர் மூத்தோரின் மேற்பார்வையின்றி இரவு நேரங்களில் கடினமான அறுவைகளை மேற்கொள்ளும் நிலையை அது வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. தனி மனிதரைக் குற்றம் சாட்டாமல் பணியமைப்பின் குறையைக் காட்டியமையால் அது ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவ்வாய்வு நாடளாவிய நிலையான அமைப்பாக வளர்ந்தது.

நெறிமுறைகள் வகுத்தல்

ஆய்வில் கண்ட உண்மை நாள்தோறும் பின்பற்றும் பழக்கமாக மாறாவிடின் பயனில்லை. அம்மாற்றத்துக்கான கருவியே நெறிமுறை. 1988ஆம் ஆண்டு சங்கம் நோயாளியைக் கண்காணிப்பதற்கான பரிந்துரைகளை முதன்முதலாக வெளியிட்டது. மயக்கம் தொடங்குவது முதல் முடிவது வரை மயக்கவியலாளர் நோயாளியை விட்டு நீங்காமல் உடனிருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கோட்பாடு. கருவிகள் அவருக்குத் துணையே அன்றி, அவருக்கு மாற்று அல்ல.

அக்கருவிகளுள் இரண்டு தனித்துக் கூறத்தக்கவை. முதலாவது பல்ஸ் ஆக்சிமீட்டர். 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி கண்டறிந்த கோட்பாட்டின்படி, விரல்நுனியின் ஊடே ஒளியைச் செலுத்தி இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் செறிவை இக்கருவி அளக்கிறது. அதற்கு முன்பு நோயாளியின் உதடும் நகமும் நீலம் பாய்வதைக் கண்டே ஆக்சிஜன் குறைவை உணர வேண்டியிருந்தது. நிறம் மாறியது கண்ணுக்குத் தெரிவதற்குள் செறிவு பெரிதும் குறைந்திருக்கும்.

இரண்டாவது, நோயாளி வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளந்து திரையில் அலையாகக் காட்டும் கருவி. மூச்சுக்குழலில் செலுத்த வேண்டிய குழாய் தவறுதலாக உணவுக்குழலில் சென்றுவிடுவது மயக்கவியலில் மிகக் கொடிய விபத்துகளுள் ஒன்று. நுரையீரலிலிருந்து மட்டுமே கரியமில வாயு தொடர்ந்து வெளிவரும். ஆதலால் திரையில் அலை இல்லையென்றால் குழாய் உரிய இடத்தில் இல்லை என்றே முதலில் கொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டு கல்லூரியும் இடர்மிகு சுவாசப்பாதைக் கழகமும் வெளியிட்ட நான்காவது தேசிய ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நேர்ந்த சுவாசப்பாதை இறப்புகளுள் பெரும்பாலானவற்றில் இக்கருவி பயன்படுத்தப்படாமையும் ஒரு காரணமாக இருந்ததைக் கண்டது. அறுவைக்கூடத்தில் வழக்கமாகிவிட்ட கருவி அடுத்த கட்டடத்தில் இல்லாமற்போனது எவ்வளவு பெரிய இழப்புக்கு வழிவகுத்தது என்பதை இதனால் அறியலாம்.

1990ஆம் ஆண்டு மயக்க இயந்திரத்தைப் பயன்படுத்துவதற்கு முன் சரிபார்க்கும் பட்டியலைச் சங்கம் வெளியிட்டது. இயந்திரம் எவ்வளவு புதியதாயினும், அது பழுதுபட்டால் கையால் அமுக்கி மூச்சளிக்கும் பை அருகில் இருக்கிறதா என்பதை உறுதிசெய்யுமாறு அப்பட்டியலின் பிந்தைய பதிப்பு வலியுறுத்துகிறது. 2007ஆம் ஆண்டு, மரத்துப்போகச் செய்யும் மருந்து அளவு மீறி இரத்தத்தில் கலந்தால் கொழுப்புக் கரைசலைச் செலுத்தி நோயாளியை மீட்கும் முறையைச் சங்கம் நெறிமுறையாக்கியது. நெருக்கடி நேரத்தில் மனித நினைவு தடுமாறும் என்பதை ஏற்றுக்கொண்டு, செய்ய வேண்டியவற்றை ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்தித் தருவது இத்தகைய வெளியீடுகளின் இயல்பாகும்.

மயக்கத்தில் விழிப்பு

நோயாளிகளின் ஆழ்ந்த அச்சங்களுள் ஒன்று அறுவையின் நடுவே விழிப்பு வந்துவிடுமோ என்பதாகும். இவ்வச்சத்தின் அடிப்படையை அறிய மயக்கத்தின் இயல்பைச் சுருக்கமாக நோக்க வேண்டும். இன்றைய பொது மயக்கம் உணர்விழப்பு, வலி நீக்கம், தசைத் தளர்வு ஆகிய மூன்று கூறுகளைக் கொண்டது. 1942ஆம் ஆண்டு மாண்ட்ரியலில் ஹெரால்ட் கிரிபித் குராரே என்னும் மருந்தை அறுவையின்போது பயன்படுத்திய பின்னரே தசைத் தளர்வு தனி மருந்தால் பெறப்பட்டது. அதனால் குறைந்த அளவு மயக்க மருந்தே போதுமானதாயிற்று; இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நேரும் தீங்கு குறைந்தது. ஆனால் புதியதோர் ஆபத்தும் உடன் வந்தது. தசைகள் செயலற்ற நிலையில் உணர்வு மட்டும் மீளுமாயின் நோயாளியால் அசையவோ குரலெழுப்பவோ இயலாது.

சங்கமும் கல்லூரியும் இணைந்து நடத்திய ஐந்தாவது தேசிய ஆய்வு 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. நோயாளிகள் தாமாகக் கூறிய நிகழ்வுகளின் அடிப்படையில், இத்தகைய விழிப்பு ஏறத்தாழ 19,000 பொது மயக்கங்களுக்கு ஒன்று என அவ்வாய்வு மதிப்பிட்டது. தசைத் தளர்வு மருந்து கொடுக்கப்பட்டபோது ஏறத்தாழ 8,000க்கு ஒன்றாகவும், அது கொடுக்கப்படாதபோது 1,35,000க்கும் மேற்பட்டவற்றுக்கு ஒன்றாகவும் இருந்தது. பொது மயக்கத்தில் நடைபெறும் மகப்பேற்று அறுவைகளில் ஏறத்தாழ 670க்கு ஒன்றாக இருந்தது. பல நிகழ்வுகள் அறுவையின் நடுவில் அன்றி, மயக்கம் தொடங்கும்போதும் தெளியும்போதுமே நேர்ந்தன. நோயாளிகளை மிகவும் வருத்தியது வலியைக் காட்டிலும் அசைய முடியாமையே என்பதும் தெரியவந்தது.

இவ்வாய்வின் மற்றொரு கருத்து மனங்கொள்ளத்தக்கது. தமக்கு நேர்ந்ததைக் கூறிய நோயாளியை மருத்துவர் நம்பி, பொறுமையுடன் கேட்டு, நடந்ததை விளக்கும்போது பின்விளைவுகள் குறைய வாய்ப்புண்டு. ‘அது கனவாக இருக்கும்’ என்று ஒதுக்குவது நோயாளிக்கு இரண்டாவது முறையாகத் தீங்கிழைப்பதாகும். இதே வரிசையில் கல்லூரி 2018ஆம் ஆண்டு மருந்து ஒவ்வாமையைப் பற்றியும் 2023ஆம் ஆண்டு அறுவையை ஒட்டி நேரும் இதய நிறுத்தத்தைப் பற்றியும் ஆய்வுகளை வெளியிட்டுள்ளது. கடுமையான ஒவ்வாமை ஏறத்தாழ 10,000க்கு ஒன்று எனவும், இதய நிறுத்தம் ஏறத்தாழ 3,000க்கு ஒன்று எனவும் அவை காட்டின.

மருத்துவரின் நலனும் நோயாளியின் நலனும்

சங்கம் தொழிலாளர் நலன் பேசும் அமைப்பாகவும் உள்ளது என்று முன்னர்க் கூறப்பட்டது. அந்நலன் நோயாளியின் நலனோடு இணையும் இடம் ஒன்றுண்டு. இரவுப் பணி முடித்து இல்லம் திரும்பும் வழியில் இளம் மயக்கவியலாளர் ஒருவர் சாலை விபத்தில் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து பயிற்சி மயக்கவியலாளரிடையே நடத்தப்பட்ட கணக்கெடுப்பு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. இரவுப் பணிக்குப்பின் வீடு திரும்புகையில் விபத்தையோ நூலிழையில் தப்பிய நிலையையோ சந்தித்ததாக 57 விழுக்காட்டினர் அதில் கூறினர். வண்டி ஓட்ட முடியாத அளவுக்குக் களைத்தவர் சற்று முன்புவரை ஒருவருடைய உயிரைக் காத்துக்கொண்டிருந்தார் என்பது இதன் உட்பொருள். ஓய்வறை, இரவு நேரச் சிறுதுயில், பணிக்குப்பின் படுக்கை ஆகியவற்றை மருத்துவமனைகள் அளிக்க வேண்டும் என்று சங்கம் பிற அமைப்புகளோடு சேர்ந்து இயக்கம் நடத்தி வருகிறது.

எல்லா இடங்களிலும் இவ்விரு நலன்களும் இவ்வளவு தெளிவாக இணைவதில்லை. மருத்துவப் பட்டம் பெறாத துணைப்பணியாளர் மேற்பார்வையின்கீழ் மயக்கம் கொடுக்கலாமா என்னும் விவாதம் பிரிட்டனில் அண்மைக் காலத்தில் கடுமையாக எழுந்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் கல்லூரியின் சிறப்புக் கூட்டத்தில், அத்தகையோரைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவைக்க வேண்டுமென உறுப்பினர் வாக்களித்தனர். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பணியாளர் பொது மருத்துவ மன்றத்தின் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவரப்பட்டனர். 2025ஆம் ஆண்டு சூலையில் வெளிவந்த லெங் அறிக்கை அவர்தம் பதவிப்பெயரை மாற்றுமாறு பரிந்துரைத்தது. மருத்துவர்கள் எழுப்பிய ஐயம் பாதுகாப்பைப் பற்றியதா, பயிற்சி இடங்களைப் பற்றியதா என்று வெளியிலிருப்போர் வினவினர். இரண்டும் கலந்திருந்தன என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது. இத்தகைய தருணங்களில் தொழிற்சங்கத்தின் குரலை அது காட்டும் சான்றுகளைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.

சான்றுகளின் தூய்மையையும் சங்கத்தின் ஆய்விதழ் காக்க வேண்டியிருந்தது. ஜப்பானிய மயக்கவியல் ஆய்வாளர் ஒருவரின் ஆய்வுகளில் காணப்பட்ட எண்கள் இயல்பாக அமையக்கூடியவை அல்ல என்று ஜான் கார்லைல் என்னும் மயக்கவியலாளர் 2012ஆம் ஆண்டு புள்ளியியல் முறையால் இவ்விதழில் நிறுவினார். அதே ஆண்டு ஜப்பானிய மயக்கவியலாளர் கழகம் நடத்திய விசாரணையில் அவ்வாய்வாளரின் 172 கட்டுரைகள் புனைந்தவை எனத் தெரியவந்தது. 2017ஆம் ஆண்டு கார்லைல் எட்டு இதழ்களில் வெளிவந்த 5,087 ஆய்வுகளை இவ்வாறே சோதித்தார். அவ்வெட்டு இதழ்களுள் சங்கத்தின் இதழும் ஒன்று. பிறரைச் சோதிக்கும் அளவுகோலால் தன்னையும் சோதித்துக்கொள்ளும் இப்பண்பு பாராட்டத்தக்கது.

எல்லை கடந்த பணி

1955ஆம் ஆண்டு நெதர்லாந்தில் உலக மயக்கவியலாளர் கழகங்களின் கூட்டமைப்பு தோன்றியது. அதன் உலக மாநாடு 2024ஆம் ஆண்டு மார்ச்சில் சிங்கப்பூரில் நடைபெற்றது. இக்கூட்டமைப்போடு சேர்ந்து சங்கம் ஆற்றிய பணிகளுள் ‘லைஃப்பாக்ஸ்’ அறநிறுவனம் குறிப்பிடத்தக்கது. உலகில் ஏறத்தாழ 77,000 அறுவைக்கூடங்களில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லை என்று 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அடுத்த ஆண்டே, குறைந்த விலையில் உறுதியான கருவிகளை வறிய நாடுகளுக்கு அளிப்பதற்காக லைஃப்பாக்ஸ் தொடங்கப்பெற்றது. கருவியோடு பயிற்சியும் அளிக்கப்படுகிறது. எச்சரிக்கை ஒலி எழும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அறியாதவர் கையில் கருவியால் பயனில்லை அன்றோ!

உகாண்டாவில் மயக்கவியல் பயிலும் மருத்துவர்களுக்குச் சங்கம் உதவித்தொகை வழங்கியது. மகப்பேற்று மயக்கத்தைக் கற்பிக்கும் ‘சேஃப்’ என்னும் குறுகிய காலப் பயிற்சியும் சங்கமும் கூட்டமைப்பும் இணைந்து உருவாக்கியதாகும். உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவையும் மயக்கமும் கிட்டவில்லை என 2015ஆம் ஆண்டு லான்செட் ஆணையம் கூறியது. இதனோடு ஒப்பிடுகையில் இம்முயற்சிகள் சிறியவையே. எனினும் திசை சரியானது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, மயக்கவியலில் கண்ட முன்னேற்றத்துக்குப் புதிய மருந்துகள் மட்டும் காரணமல்ல. பிழைகளை அச்சமின்றிக் கூறுவதற்கு ஒரு களம் அமைந்ததும் பெருங்காரணமாகும். இரண்டாவதாக, அத்தகைய களத்தை அரசின் ஆணையால் எளிதில் உருவாக்க இயலாது. ஒருவர்மீது ஒருவர் நம்பிக்கை கொண்ட தொழிலினரால்தான் அது இயலும். மூன்றாவதாக, அந்நம்பிக்கை வெளியுலகுக்குக் கதவடைக்கும் திரையாக மாறிவிடும் ஆபத்தும் உண்டு. ஆய்வின் முடிவுகளை எண்களோடு பொதுமக்கள் முன் வைப்பதே அவ்வாபத்துக்கு மாற்று. இச்சங்கத்தின் வரலாற்றில் அது பெரிதும் பின்பற்றப்பட்டுள்ளது.

சங்கத்தின் நெறிமுறைகள் சட்டங்கள் அல்ல. அவற்றைப் பின்பற்றுவதற்கு ஆளும் கருவியும் நேரமும் தேவை. அவற்றை அளிக்கும் பொறுப்பு மருத்துவமனைகளுக்கும் அரசுகளுக்கும் உரியது. நோயாளிக்கும் ஒரு பங்கு உண்டு. உண்டது, உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, ஆடும் பல், முன்பு மயக்கத்தின்போது தமக்கோ குடும்பத்தினருக்கோ நேர்ந்த இடர் ஆகியவற்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். தமக்கு மயக்கம் கொடுப்பவர் யார் என்றும் கேட்டறிதல் வேண்டும்.

இச்சங்கத்தின் சின்னத்தில் பொறிக்கப்பெற்ற இலத்தீன் தொடரின் பொருள் ‘துயிலில் பாதுகாப்பு’ என்பதாகும். துயில்பவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர். அவர் விழித்தெழும்வரை பிறர் விழித்திருத்தல் வேண்டும் என்னும் கடமையை அத்தொடர் நினைவூட்டுகிறது.